ஆக்ஸிமீட்டர்ல 98 காட்டுது, அப்புறம் எதுக்கு ரத்த டெஸ்ட்?

கேள்வி (கொரோனா பரவிக்கிட்டிருந்த சமயத்துல வந்தது): டாக்டர், எனக்கு இது முதல் குழந்தை. நாள் தள்ளிப்போச்சு, வீட்லயே கார்டு டெஸ்ட் பண்ணி கன்ஃபார்ம் பண்ணிக்கிட்டேன், கணக்குப்படி இப்ப 9 வாரம். இந்த கொரோனா நேரத்துல ஹாஸ்பிடல் பக்கம் போகவே பயமா இருக்கு, நாலு மாசம் முடியட்டும் அப்புறம் போலாம்னு வீட்ல சொல்றாங்க. படியேறினா லேசா மூச்சு வாங்குது, ஆனா விரல்ல மாட்டற ஆக்ஸிமீட்டர்ல எப்பவும் 98 தான். அப்ப ரத்தசோகை இருக்காதுல்ல?

பதில்: இருக்கலாம்மா. இந்த 98ஐ பாத்து நிறைய பேர் ஏமாந்து போறாங்க. உங்க ரத்தத்துல ஆக்ஸிஜனைச் சுமக்கற ஹீமோகுளோபின்ல எத்தனை சதவீதம் ஆக்ஸிஜனை ஏத்திக்கிட்டு போகுதுங்கறத மட்டும்தான் அந்த மெஷின் சொல்லும், மொத்தம் எவ்ளோ ஹீமோகுளோபின் இருக்குன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. 100 லாரி ஓட வேண்டிய ரோட்ல 60 தான் ஓடுதுன்னு வைங்க, அந்த 60லயும் ஃபுல் லோடு இருந்தா 98னு தான் காட்டும். ஹீமோகுளோபின் 7 இருக்கறவங்களுக்கும் 98 வரும். மூச்சு வாங்கறது கர்ப்பத்துல ஹார்மோனால சாதாரணமாவே வரலாம், ரத்தம் கம்மியா இருந்தாலும் வரலாம், கொரோனாவாலயும் வரலாம், வீட்ல உக்காந்து இதைப் பிரிச்சுப் பாக்க முடியாது.

நாலு மாசம் வரைக்கும் ஏன் தள்ள வேணாம்னா, அப்போ ரத்தத்துல தண்ணி பாகம் வேகமா ஏற ஆரம்பிச்சிருக்கும், போகப்போக 40-50 சதவீதம் வரைக்கும் கூடும், சிவப்பணு அந்த அளவுக்கு ஏறாது, அதனால எல்லாருக்குமே ஹீமோகுளோபின் நம்பர் கொஞ்சம் இறங்கும். ஆரம்பத்துல எவ்ளோ இருந்துச்சுன்னு தெரிஞ்சா தானே இது இயல்பான இறக்கமா நிஜமான குறைபாடான்னு சொல்ல முடியும்? அயர்ன் மாத்திரை போட்டாலும் ஹீமோகுளோபின் ஒரு புள்ளி ஏறவே 2 லிருந்து 4 வாரம் ஆகும். கடைசி மூணு மாசத்துல குழந்தை இரும்புச்சத்தை நிறைய இழுத்துக்கும், அப்போ ஓடி ஓடி ஏத்தறது கஷ்டம், பிரசவத்துல ரத்தப்போக்கு ஆனா தாங்கற சக்தி இருக்காது. உலக சுகாதார நிறுவனமும் 2016லயே முதல் செக்கப் 12 வாரத்துக்குள்ளனு சொல்லிருச்சு.

அதனால போன் பண்ணி அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டு, கூட்டம் இல்லாத நேரத்துல மாஸ்க் போட்டுக்கிட்டு ஒரே தடவை போயிட்டு வந்துருங்க. ஸ்கேன், பிபி, எடை, யூரின், ரத்த குரூப், சுகர், ஹெச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சிபிசி (ஹீமோகுளோபினும் ரத்த அணுக்களும் எவ்ளோன்னு பாக்கற டெஸ்ட்) எல்லாத்தையும் அன்னிக்கே முடிச்சிரலாம், அடுத்து இடையில வர்ற சில செக்கப்பை போன்லயே பாத்துக்கலாமான்னு கேளுங்க. ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம், இதுவரைக்கும் போடலன்னா இன்னிக்கே கேட்டு ஆரம்பிங்க. காய்ச்சல் இருமல்னா நேரா போகாம முன்னாடியே போன்ல சொல்லிருங்க. ஆனா ரத்தம் பட்டாலோ, அடிவயித்துல ஒரு பக்கமா தாங்கமுடியாத வலி வந்தாலோ, மயக்கம் வந்தாலோ கொரோனா கிரோனான்னு யோசிக்காம உடனே கிளம்பிடுங்க.

கேள்வி: எனக்கு 12 வாரம். போன மாசம் கொரோனா வந்து சரியாச்சு. ஹீமோகுளோபின் 10.2, ஃபெரிட்டின் (உடம்புல சேத்து வெச்ச இரும்போட அளவு) நார்மல்னு ரிப்போர்ட் வந்துச்சு. அப்ப அயர்ன் மாத்திரை தேவையில்லையா? போட்டாலே குமட்டுது.

பதில்: கர்ப்பத்துல முதல் மூணு மாசம் ஹீமோகுளோபின் 11க்குக் கீழ போனாலே ரத்தசோகை தான், உங்களோடது லேசான வகை. ஃபெரிட்டின்ல ஒரு சிக்கல் இருக்கு, உடம்புல தொற்றோ அழற்சியோ இருந்தா அது தானா ஏறும், இரும்பு காலியா இருந்தாலும் ரிப்போர்ட் நல்லாவே தெரியும். நோய் வந்து ஒரு மாசம் தானே ஆகுது, அதை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. சிபிசில எம்சிவினு ஒரு நம்பர் இருக்கும், சிவப்பணுவோட சராசரி அளவு அது, ரொம்ப கம்மின்னா தலசீமியாங்கற பரம்பரை ரத்த நோயோட கேரியரான்னும் (நோய் இல்லாம மரபணுவை மட்டும் சுமக்கறவங்க) பாக்கணும், அப்படி இருந்தா உங்க வீட்டுக்காரருக்கும் டெஸ்ட் எடுக்கணும். குமட்டலுக்கு மாத்திரையை ராத்திரி படுக்கப்போற முன்னாடி போட்டுப் பாருங்க, டீ, காபி, கால்சியம் மாத்திரை எதோடயும் சேத்து போடாதீங்க, சில மணி நேரம் இடைவெளி விடுங்க. மலம் கறுப்பா போனா பயப்பட வேணாம். டோஸை நீங்களா குறைக்காம டாக்டரைக் கேட்டு பிராண்டை மாத்திக்கலாம்.

கேள்வி: வீடியோ கால்ல கண் இமையை இழுத்துக் காட்டினா ரத்தம் கம்மியான்னு சொல்லிடுவீங்களா?

பதில்: நேர்ல பாத்தாலே லேசான ரத்தசோகை கண்ணுக்குத் தப்பிடும், எனக்கே தப்பியிருக்கு. வீடியோல ட்யூப்லைட் வெளிச்சத்துல பாத்தா எல்லாருமே வெளுப்பா தான் தெரியறாங்க. பிபியும் எடையும் வீட்லயே பாத்து போன்ல சொல்லலாம், ஹீமோகுளோபினுக்கு மட்டும் விரல் நுனியில ஒரு சொட்டாவது குடுத்துத் தான் ஆகணும்.