மூவாயிரம் பேர் என்ற எண்ணுக்கு மயங்க வேண்டாம்: பாலஸ்தீனத்தில் கருத்துக்கணிப்பு நடத்தப்போகும் ஆய்வாளருக்கு

கேள்வி: ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அரசியல் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். பாலஸ்தீன மக்கள் தங்கள் ஆட்சி அமைப்புகள் மீது எந்த அளவுக்கு நம்பிக்கை வைத்திருக்கிறார்கள் என்று மேற்குக் கரையிலும் காஸாவிலும் கருத்துக்கணிப்பு நடத்த வேண்டும். இரண்டு விலைப்புள்ளிகள் வந்துள்ளன. ராமல்லாவில் உள்ள ஒரு நிறுவனம் 120 இடங்களில் 1,200 பேரை நேரில் பேட்டி காண்பதாகச் சொல்கிறது. வேறொரு நாட்டிலிருந்து இயங்கும் இடைநிலை நிறுவனம் இணையம் வழியாக 3,000 பேரை 9 நாட்களில் தருவதாகவும், பிழை வரம்பு (கணிப்பின் விடை உண்மை நிலையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற அளவு) 1.8 சதவீதம்தான் என்றும் சொல்கிறது. விலையும் பாதிக்கும் குறைவு. எண்ணிக்கை அதிகம் என்பதால் இரண்டாவதையே எடுக்கலாம் என்கிறார் என் நெறியாளர். எதை நம்புவது?

பதில்: இரண்டாவதை எடுக்க வேண்டாம். உங்கள் நெறியாளர் எண்ணிக்கையைப் பார்க்கிறார். நீங்கள் பார்க்க வேண்டியது, பதில் சொன்ன ஒவ்வொருவரையும் தேர்ந்தெடுத்தது யார் என்பதை. தேர்வை நாம் செய்திருந்தால் 1,200 பேரை வைத்துக்கொண்டு மொத்தச் சமூகத்தைப் பற்றிப் பேசலாம். அவர்களாகவே வந்து பதில் சொல்லிவிட்டுப் போயிருந்தால், மூவாயிரம் என்ன, முப்பதாயிரம் பேர் இருந்தாலும் அது அந்த முப்பதாயிரம் பேரின் கருத்து மட்டுமே. அந்த 1.8 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மக்கள் ஒவ்வொருவருக்கும் தேர்வாகும் வாய்ப்பு உண்டு, அந்த வாய்ப்பு எவ்வளவு என்பது நமக்குத் தெரியும் என்ற இரண்டு நிபந்தனைகளின் மேல் எழுந்த ஒரு சூத்திரத்தில் 3,000 என்ற எண்ணைப் போட்டால் அந்த விடை வரும். நிபந்தனைகளைத் தூக்கி எறிந்துவிட்டுச் சூத்திரத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள் இந்த வியாபாரிகள்.

இணையம் வழியாகப் பதில் சொல்லச் சேர்ந்தவர்களின் குழுவில் யார் இருப்பார்கள் என்று சற்று யோசித்துப் பாருங்கள். ராமல்லாவிலோ நாப்லஸ் நகரிலோ வசிக்கும், கல்லூரி படித்த, சிறு அன்பளிப்புக்காகப் படிவம் நிரப்பும் இளைஞர்கள் ஏராளமாகக் கிடைப்பார்கள். பலாட்டா அகதி முகாமில் பேரப்பிள்ளைகளோடு வாழும் 60 வயதுப் பெண்மணியோ, ஹெப்ரோனுக்குத் தெற்கே மலைக் கிராமத்தில் ஆடு மேய்ப்பவரோ அதில் வரமாட்டார். மேற்குக் கரைக்கே 2018 ஜனவரியில்தான் 3ஜி சேவை வந்தது. காஸா அதற்குப் பிறகும் 2ஜியில்தான் இருந்தது. இதற்கு மேல், பாலஸ்தீனர் என்று சொல்லிக்கொண்டு வேறெங்கோ உட்கார்ந்து நிரப்புபவர்களும், ஒரே ஆள் ஐந்து பெயர்களில் நிரப்புவதும் உண்டு. இதைக் கருத்துச் சேகரிப்பு என்று அழைத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. பிரதிநிதித்துவக் கணிப்பு என்று முத்திரை குத்தி விற்பதைத்தான் ஏற்க முடியாது.

அதற்காக ராமல்லா நிறுவனத்தின் விலைப்புள்ளியில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடவும் வேண்டாம். நேர்காணல் முறைக்கு அங்கே நல்ல அடித்தளம் இருக்கிறது: பாலஸ்தீன மத்தியப் புள்ளியியல் அமைப்பு 1997, 2007, 2017 ஆகிய ஆண்டுகளில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தி, நிலப்பரப்பை ஏறத்தாழ 150 வீடுகள் கொண்ட கணக்கெடுப்பு வட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. மாவட்டம் வாரியாகவும், நகரம், கிராமம், அகதி முகாம் என்று வகை வாரியாகவும் பிரித்து, மக்கள்தொகைக்கு ஏற்ற வாய்ப்புடன் இந்த வட்டங்களில் சிலவற்றைக் குலுக்கலில் எடுக்க வேண்டும். முகாம்களைத் தனியே பிரிப்பது சம்பிரதாயத்துக்காக அல்ல; காஸா மக்களில் மூன்றில் இரண்டு பங்கினரும் மேற்குக் கரை மக்களில் கால்வாசிப் பேரும் பதிவுபெற்ற அகதிகள் என்பதால் அந்த விகிதம் பிசகினால் அரசியல் கேள்விகளின் விடையும் பிசகிவிடும்.

விலைப்புள்ளியில் 120 இடங்கள் என்று எழுதியிருப்பதை ஒப்பந்தத்திலும் எழுதி வாங்குங்கள். ஓரிடத்துக்கு 10 பேர் வீதம் 120 இடங்களுக்குப் போவதும், ஓரிடத்துக்கு 30 பேர் வீதம் 40 இடங்களுக்குப் போவதும் கணக்கில் 1,200 பேர்தான். ஆனால் ஒரே தெருவில் வாழ்பவர்களின் கருத்து ஓரளவு ஒத்திருக்கும். அந்த ஒற்றுமையை (முழுக்க ஒத்திருந்தால் 1 என்ற அளவில்) மிதமாக 0.05 என்று வைத்துக்கொண்டாலும், முதல் முறையில் உங்கள் 1,200 பேர் சுமார் 830 பேருக்கு ஈடாகிறார்கள், பிழை வரம்பு 3.4 சதவீதம்; இரண்டாவது முறையில் வெறும் 490 பேருக்குத்தான் ஈடு, பிழை வரம்பு 4.4 சதவீதம். போக்குவரத்துச் செலவை மிச்சம் பிடிக்க, களம் தொடங்கிய பிறகு சத்தமில்லாமல் இடங்களைக் குறைப்பது இந்தத் தொழிலின் பழைய தந்திரம். சோதனைச் சாவடியைக் காரணம் காட்டினால் கேட்பவருக்கும் மறுத்துப் பேச வாய் வராது.

வட்டத்துக்குள் நுழைந்த பிறகுதான் உண்மையான சோதனை. முகாமின் சந்து ஒன்றில் கள ஆய்வாளர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தின்படி 15 வீட்டுக்கு ஒன்று. அவர் முன் நிற்பதோ ஒரே கதவு கொண்ட நான்கு மாடிக் கட்டடம். தந்தை கட்டிய தரைத்தளத்தின் மேல், மகன்களுக்குத் திருமணம் ஆக ஆக ஒவ்வொரு தளமாக எழுந்தது. இது ஒரு வீடா, நான்கு வீடுகளா? ஒரே உலையில் சமைத்து உண்பவர்கள் ஒரு குடும்பம் என்று கொண்டு, எத்தனை அடுப்பு எரிகிறது என்று கேட்டுத்தான் எண்ண வேண்டும். அதன் பின் குடும்பத்தில் உள்ள பெரியவர்களை வயது வரிசையில் எழுதி, கிஷ் அட்டவணையை (யாரைப் பேட்டி காண்பது என்பதை ஆய்வாளரின் விருப்பத்துக்கு விடாமல் முன்கூட்டியே குறித்து வைத்த அட்டவணை) பார்த்து ஒருவரைத் தேர்வு செய்ய வேண்டும். அட்டவணை இரண்டாவது மகனைக் காட்டுகிறது. அவர் வேலைக்குப் போயிருக்கிறார். மூத்த மகனோ, “நான் சொல்கிறேன், என் தம்பிக்கும் இதே கருத்துதான்” என்று தேநீர்க் கோப்பையை நீட்டுகிறார். அந்தத் தேநீரைக் குடித்துவிட்டு, மாலையில் திரும்ப வருகிறேன் என்று சொல்லி எழுந்து வருபவரே நல்ல கள ஆய்வாளர். 2023 அக்டோபரில் காஸா போர் தொடங்குவதற்கு முன் மேற்குக் கரையிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இஸ்ரேலுக்குள்ளும் இஸ்ரேலியக் குடியேற்றங்களிலும் வேலை பார்த்தார்கள். விடியுமுன் கிளம்பிப் பொழுது சாய வீடு திரும்பிய அவர்களையெல்லாம் பகல் நேரக் கணிப்புகள் தவறவிட்டன. பெண்களைப் பேட்டி காணப் பெண் ஆய்வாளர் வேண்டும் என்பதை நான் தனியே சொல்லத் தேவையில்லை.

இனி இடைத்தரகர்களுக்கு வருகிறேன். வெளிநாட்டு நிறுவனம் ஒப்பந்தம் எடுக்கும்; அதை அம்மானிலோ வேறெங்கோ உள்ள இன்னொருவருக்குக் கொடுக்கும்; அவர் உள்ளூர் முகவரிடம் தள்ளிவிடுவார்; முகவர் நிரப்பிய படிவத்துக்கு இவ்வளவு என்று மாணவர்களைப் பிடிப்பார். நீங்கள் கொடுத்த பணத்தில் சந்துக்குள் நடப்பவருக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. படிவத்துக்குக் கூலி என்றால் படிவங்கள் பிறக்கத்தான் செய்யும். சில ஆண்டுகளுக்கு முன் இப்படிக் கைமாறி வந்த தரவுக்கோப்பு ஒன்றை என்னிடம் சரிபார்க்கக் கொடுத்தார்கள். பேட்டிக்கு அரை மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கும் வினாநிரல் அது. ஓர் ஆய்வாளர் மாலை 4.10 முதல் 6.05 வரை 11 பேட்டிகளை முடித்திருந்தார். அதைவிட என்னை உறுத்தியது, 1,100 பேரில் ஒருவர்கூடப் பேச மறுக்கவில்லை என்ற செய்தி. மறுப்பே இல்லாத கணிப்பை உலகில் எங்குமே நம்பாதீர்கள். இராணுவ ஆட்சிக்கு உட்பட்ட ஊரில் நடந்ததாகச் சொன்னால் இன்னும் நம்பாதீர்கள். கூலி நாளுக்கு என்று இருக்கட்டும். தட்டிய கதவுகள், பூட்டிய வீடுகள், மறுத்தவர்கள் ஆகியோரின் பட்டியலும் தரவோடு வரட்டும். டேப்லெட்டில் பதிவாகும் விடைகள் முகவரைத் தொடாமல் நேரே சேமிப்பகத்துக்குப் போகட்டும். பத்தில் ஒரு வீட்டுக்கு மேற்பார்வையாளர் திரும்பச் சென்று உறுதி செய்யட்டும். இவற்றுக்குச் சம்மதிக்காதவர் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் அது வீண் செலவு. குறைந்த விலைப்புள்ளியைத்தான் ஏற்க வேண்டும் என்று பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவு அடம் பிடிக்கும். நாற்காலி வாங்கும் விதியை வைத்துக்கொண்டு கருத்துக்கணிப்பு வாங்கச் சொல்பவர்களோடு வாதாடியே என் ஆயுளில் பாதி போய்விட்டது.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் கிழக்கு ஜெருசலேமைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். நல்ல நிறுவனங்களும் இங்கேதான் சறுக்குகின்றன. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர் வாழும் இந்நகரில், 1997 கணக்கெடுப்பை நடத்த விடாமல் இஸ்ரேல் தடுத்தது. அதனால் மற்ற இடங்களுக்கு உள்ளது போன்ற முழுமையான பட்டியல் இங்கே இல்லை. பாலஸ்தீனப் புள்ளியியல் அமைப்பே ஜெருசலேம் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்து, இஸ்ரேல் 1967இல் தன்னோடு இணைத்துக்கொண்ட பகுதியை ஜே1 என்றும் எஞ்சியதை ஜே2 என்றும் குறிக்கிறது. சோம்பேறி நிறுவனம் ஜே2இல் பத்து இடங்களுக்குப் போய்விட்டு, ஜெருசலேம் மாவட்டம் முடிந்தது என்று எழுதிவிடும். பச்சை அடையாள அட்டை வைத்திருக்கும் மேற்குக் கரை ஆய்வாளர் அனுமதிச் சீட்டு இல்லாமல் நகருக்குள் நுழையவே முடியாது. நீல அட்டை வைத்திருக்கும் ஜெருசலேம்வாசிகளைத்தான் பணிக்கு அமர்த்த வேண்டும். அவர்கள் கதவைத் தட்டினாலும் சிக்கல் தீராது. இவ்வூர் பாலஸ்தீனரில் பெரும்பாலோர் குடிமக்கள் அல்ல, நிரந்தர வசிப்பாளர்கள். தங்கள் வாழ்வின் மையம் ஜெருசலேமில்தான் இருக்கிறது என்று நிரூபிக்காவிட்டால் அந்த உரிமையும் பறிபோகலாம். உண்மையிலேயே அங்கு வசிக்கிறார்களா என்று பார்க்க இஸ்ரேலிய தேசியக் காப்பீட்டு நிறுவனத்தின் ஆட்கள் வீடு தேடி வருவது வழக்கம். இந்த நிலையில் முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்று, “இந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள், வயது வரிசையில் சொல்லுங்கள்” என்று தொடங்கினால் யார் சொல்வார்கள்? கிஷ் அட்டவணையின் முதல் வரியே இங்கே விசாரணை போல ஒலிக்கிறது. கஃப்ர் அகப், ஷுஃபாத் முகாம் போல நகராட்சி எல்லைக்கு உள்ளே, ஆனால் இஸ்ரேல் கட்டிய தடுப்புச் சுவருக்கு வெளியே இருக்கும் இடங்களில் இந்த அச்சம் இன்னும் கூர்மையானது. ஆகவே இங்கு மட்டும், அடுத்து யாருக்குப் பிறந்தநாள் வருகிறது என்று கேட்டு ஒருவரைத் தேர்வு செய்யும் முறைக்கு மாறிவிடுங்கள். மாறியதை அறிக்கையில் ஒளிக்காமல் எழுதுங்கள்.

காஸாவைப் பொறுத்தவரை, தனி ஆய்வாளராக அங்கே கணிப்பு நடத்தும் எண்ணத்தை இப்போதைக்குக் கைவிடுங்கள். 2023 அக்டோபருக்குப் பிறகு மக்களில் பத்தில் ஒன்பது பேர் இடம்பெயர்ந்துவிட்டதாக ஐ.நா. மதிப்பிட்டது, 2017 கணக்கெடுப்பு வட்டங்கள் பல இன்று வரைபடத்தில் மட்டுமே இருக்கின்றன. ராமல்லாவில் கலீல் ஷிகாகி தலைமையில் இயங்கும் பாலஸ்தீனக் கொள்கை மற்றும் கள ஆய்வு மையம் போர்க்காலத்திலும் பல கணிப்புகளை நடத்தியது. 2023 நவம்பர் இறுதியில் தற்காலிகப் போர்நிறுத்தத்தைப் பயன்படுத்திக்கொண்டு, காஸாவில் 481 பேரையும் மேற்குக் கரையில் 750 பேரையும் சந்தித்தது. இடம்பெயர்ந்தோரின் புகலிடங்களையே பேட்டிக்கான இடங்களாகச் சேர்த்துக்கொண்டது. பிழை வரம்பை வழக்கமான 3 சதவீதத்திலிருந்து 4 ஆக உயர்த்தி அறிவித்தது. முப்பது ஆண்டுப் பழக்கம் உள்ளவர்களே அப்படித் தயங்கித்தான் எண் சொல்கிறார்கள். மேற்குக் கரையிலும் நிலைமை அசையாமல் இல்லை: 2025 தொடக்கத்தில் ஜெனின், துல்கரம், நூர் ஷம்ஸ் முகாம்களிலிருந்து ஏறத்தாழ 40,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அந்த முகாம்களுக்குப் பதில் எங்கே போவீர்கள் என்று நிறுவனத்திடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு, பதிலளிப்பவர் ஒவ்வொருவரிடமும் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வாங்கச் சொல்லும். தயவுசெய்து போராடி அதை வாய்மொழி ஒப்புதலாக மாற்றுங்கள். பெயரும் கையெழுத்தும் உள்ள தாள் யார் கைக்குப் போகும் என்று அஞ்சும் ஊரில் அந்தப் படிவமே பாதிப் பேரைத் துரத்திவிடும். பாதுகாப்பு என்ற பெயரில் ஆபத்தை உண்டாக்கும் இந்தக் காகித பக்தி என்றைக்கு ஒழியுமோ தெரியவில்லை. டேப்லெட் பதிவு செய்யும் ஜிபிஎஸ் குறியீட்டையும், ஆய்வாளர் உண்மையில் அந்த இடத்துக்குப் போனாரா என்று சரிபார்த்தவுடன் அழித்துவிடச் சொல்லுங்கள்.

மக்கள் அஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு 2006 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தல் சான்று. வாக்களித்துவிட்டு வந்தவர்களிடமே எடுத்த கணிப்புகள் அப்போது ஆட்சியில் இருந்த ஃபத்தா கட்சி முன்னிலை என்றன. எண்ணி முடித்தபோது ஹமாஸுக்கு 132 இடங்களில் 74 கிடைத்திருந்தது. ஹமாஸுக்கு வாக்களித்தவர்களில் பலர் பேச மறுத்ததும், பாதி இடங்களுக்குத் தொகுதிவாரியாக வாக்கெடுப்பு நடந்ததும் சேர்ந்து செய்த வேலை அது. ஆகவே ஆட்சியாளர் மீதான நம்பிக்கை பற்றிய கேள்விகளை வினாநிரலின் கடைசியில் வையுங்கள்; அந்த விடைகளை மட்டும் பதிலளிப்பவரே டேப்லெட்டில் தொட்டுப் பதியட்டும்.

இவ்வளவுக்கும் உங்கள் உதவித்தொகை போதாது என்றால், மலிவான மூவாயிரம் பேருக்குத் திரும்ப வேண்டாம். தொடர்ந்து கணிப்பு நடத்தி வரும் உள்ளூர் நிறுவனங்களை நேரடியாக அணுகி, அவர்களுடைய அடுத்த சுற்றில் உங்கள் கேள்விகளில் எட்டோ பத்தோ சேர்த்துக்கொள்ள என்ன விலை என்று கேளுங்கள். காஸா மக்களின் பதில்களும் அதிலேயே கிடைத்தால் நல்லது. ஆனால் அந்தப் பகுதி 440 பேர் அளவில் இருந்தால், ஓரிடத்துக்கு 10 பேர் என்ற கணக்கிலேயே பிழை வரம்பு ஐந்தரை சதவீதத்தைத் தாண்டும். காஸாவின் ஆண், பெண், அகதி, அகதி அல்லாதார் என்று மேலும் கூறுபோட்டு அட்டவணை தயாரிக்கும்படி நெறியாளர் சொன்னால் இந்த எண்ணை அவரிடம் காட்டுங்கள்.