தானம் பண்ண யாராச்சும் கடன் வாங்குவாங்களா?

கேள்வி: கொரோனா வருஷத்துல அமெரிக்காவோட ஃபோர்டு ஃபவுண்டேஷன் தானம் கொடுக்கறதுக்காகவே கடன் வாங்குச்சுன்னு என் பையன் சொல்றான். அவங்ககிட்ட இல்லாத பணமா? சும்மா அடிச்சு விடறானா?
- வாசகர், ஈரோடு

பதில்: உங்க பையன் சொன்னது நிஜம்தான் சார். 2020 ஜூன்ல 100 கோடி டாலருக்கு பாண்ட், அதாவது கடன் பத்திரம், வெளியிட்டாங்க. அதுல 30 கோடி டாலரை 2050லயும் மீதி 70 கோடியை 2070லயும் திருப்பிக் கட்டணும், அதாவது கையெழுத்துப் போட்டவங்க யாரும் கடைசி தவணை அன்னிக்கு அந்த ஆபீஸ்ல இருக்கப் போறதில்ல.

பணம் இல்லாம இல்ல. அப்போ அவங்க கார்பஸ், அதாவது மூலநிதி, 1,300 கோடி டாலருக்கும் மேல. ஆனா அது பீரோவுல அடுக்கி வெச்ச நோட்டுக்கட்டு கிடையாதே, ஷேர்லயும் மத்த முதலீட்டுலயும் இருக்கு, 2020 பிப்ரவரி பாதியில இருந்து மார்ச் கடைசிக்குள்ள அமெரிக்க மார்க்கெட் மூணுல ஒரு பங்கு விழுந்துடுச்சு, அந்த நேரம் பார்த்து வித்தா அடிமாட்டு விலைக்குத்தான் போகும். வட்டியோ அப்போ அடிமட்டத்துல இருந்துச்சு. நம்ம வீட்டுல நிலத்தை வந்த விலைக்குத் தள்ளிவிடாம நகையை பேங்க்ல வெச்சு சமாளிப்போம்ல, அதே கணக்குதான். வட்டி 2.4, 2.8 சதவீதம் ரேஞ்ச்ல கிடைச்சதால வருஷத்துக்கு சுமார் 2.7 கோடி டாலர்தான் வட்டி. அப்போ அவங்க வழக்கமா வருஷத்துக்குக் கொடுத்ததே 55 கோடி டாலர் கிட்ட வந்துச்சு.

இன்னொரு விஷயம், இந்த மாதிரி ஃபவுண்டேஷன் எல்லாம் சொத்து மதிப்புல வருஷம் 5 சதவீதமாச்சும் செலவு பண்ணியே ஆகணும்னு அங்க சட்டம். நிறைய பேர் அந்த 5லயே நின்னுடுவாங்க. ஃபோர்டு 2020, 2021 ரெண்டு வருஷமும் அதை 10 கிட்ட ஏத்தறோம்னு சொன்னாங்க. கெல்லாக், மெல்லன், மெக்ஆர்தர், டோரிஸ் டியூக்னு இன்னும் நாலு பெரிய ஃபவுண்டேஷன் கூட சேர, அஞ்சு பேரும் கூடுதலா கொடுக்கறோம்னு சொன்ன தொகை மொத்தம் 170 கோடி டாலரைத் தாண்டுச்சு.

இதைத் திட்டினவங்களும் உண்டு. இவ்வளவு சொத்தை வெச்சுக்கிட்டு எதுக்கு கடன், அதுலயே எடுத்துக் கொடுக்க வேண்டியதுதானேன்னு. பாதி நியாயம்தான். ஆனா ஆகஸ்ட்லயே மார்க்கெட் பழைய உச்சத்தைத் தாண்டிடுச்சு, மார்ச்ல வித்திருந்தா கையைச் சுட்டுக்கிட்டிருப்பாங்க.

கேள்வி: நம்ம மறைமலை நகர் ஃபேக்டரியை மூடிட்டுப் போன அதே ஃபோர்டுதானே இது? தொழிலாளிக்கு ஒரு நியாயம், தானத்துக்கு ஒரு நியாயமா?
- வாசகர், செங்கல்பட்டு

பதில்: கோபம் புரியுது, ஆனா அட்ரஸ் மாறிப் போச்சு. இந்த ஃபவுண்டேஷன் 1936ல கார் கம்பெனி ஹென்றி ஃபோர்டோட மகன் எட்சல் ஃபோர்டு ஆரம்பிச்சு வெச்சதுதான், ஆனா 1974க்குள்ள கம்பெனி ஷேரை எல்லாம் வித்துட்டாங்க. இப்போ ஒத்துமை பேர்ல மட்டும்தான்.

கேள்வி: அந்தக் காசு கடைசியில யார் கைக்குப் போச்சு? ஏழைகளுக்குச் சேர்ந்துச்சா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: சோறு போடற வேலையை மட்டும் நினைச்சுக் கேக்கறீங்கன்னா, அதுக்காக வாங்கின கடன் இல்லம்மா இது. ஊர் மக்களுக்காக வேலை செய்யற அமைப்புகள் இழுத்து மூடாம இருக்கணும்ங்கறதுதான் நோக்கம். இனப் பாகுபாட்டை எதிர்த்து வேலை செய்யற அமைப்புகளுக்கு மட்டும் 18 கோடி டாலர் ஒதுக்கினாங்க.

எனக்கு மனசுல நின்னது வேற. நியூயார்க் சைனாடவுன்ல அமெரிக்கச் சீனர்களோட மியூசியம் ஒண்ணு இருக்கு. 2020 ஜனவரியில, சீனப் புத்தாண்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி, அவங்க ஆவணம் எல்லாம் வெச்சிருந்த மல்பெரி தெரு கட்டடத்துல தீ. 85,000 பொருள், பழைய கப்பல் டிக்கெட், ஹோட்டல் மெனு கார்டு, கல்யாணத்துக்குத் தெச்ச பட்டுச் சட்டைன்னு எல்லாம் சாதாரண ஜனங்க வீட்டுல இருந்து கொண்டுவந்து கொடுத்தது. தீயை விட அதை அணைக்க அடிச்ச தண்ணிதான் பயம், நனைஞ்ச பேப்பர்ல பூசணம் பிடிக்கறதுக்குள்ள உறையவெச்சுக் காயவைக்கணும். பெரும்பாலானதைக் காப்பாத்திட்டாங்க. அப்பாடான்னு உக்கார்றதுக்குள்ள மார்ச்ல கொரோனா, மியூசியத்துக்கே பூட்டு, டிக்கெட் வருமானம் நின்னுபோச்சு, வெளியில போனா சீன முகத்தைப் பார்த்தாலே வைரஸ்னு திட்டு வேற. செப்டம்பர்ல ஃபோர்டும் மத்த நன்கொடையாளர்களும் சேர்ந்து 15 கோடி டாலருக்கு மேல திரட்டி கலை அமைப்புகளுக்குக் கொடுத்தாங்க, முதல் லிஸ்ட்ல இருந்த 20ல இந்த மியூசியமும் ஒண்ணு, ஹார்லெம்ல இருக்கற அப்போலோ தியேட்டரும் ஒண்ணு. ஒவ்வொருத்தருக்கும் குறைஞ்சது 10 லட்சம் டாலர்.

கேள்வி: நாங்க பத்துப் பேர் நடத்தற சின்ன டிரஸ்ட். ஃபண்ட் கொடுக்கறவங்க ப்ராஜெக்ட் காசுல வாடகை, கரண்ட் பில் கட்டக்கூடாதுன்றாங்க, டீ வாங்கினாலும் வவுச்சர் கேக்கறாங்க. அங்கயும் இப்படித்தானா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அங்கயும் இப்படித்தான் இருந்துச்சு. 2020 மார்ச்ல ஃபோர்டு உட்பட பல ஃபவுண்டேஷன்கள் சேர்ந்து ஒரு உறுதிமொழி வெளியிட்டாங்க. ஏற்கெனவே கொடுத்த ப்ராஜெக்ட் பணத்தை சம்பளம், வாடகைன்னு எதுக்கு வேணா மாத்திக்கலாம், ரிப்போர்ட் லேட்டா அனுப்பலாம்னு. போகப் போக 800 ஃபவுண்டேஷன் கிட்ட கையெழுத்துப் போட்டாங்க. என்னைக் கேட்டா 100 கோடி பாண்டை விட இதுதான் பெரிய உதவி, ஏன்னா இதுக்கு ஒரு பைசா கூடுதல் செலவு இல்ல, ஆனா மாசக் கடைசியில சம்பளம் போட முடிஞ்சுது.

நம்ம நாட்டுல அதே வருஷம் செப்டம்பர்ல நேர் எதிரா நடந்துச்சு. எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல திருத்தம் வந்து, வெளிநாட்டுப் பணத்துல நிர்வாகச் செலவு உச்சவரம்பை 50ல இருந்து 20 சதவீதமா குறைச்சாங்க, ஒரு அமைப்பு வாங்கின பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரிச்சுக் கொடுக்கவும் தடை. பெரிய என்ஜிஓ வழியா வெளிநாட்டுப் பணம் வாங்கிட்டிருந்த சின்ன டிரஸ்டுக்கெல்லாம் அந்தக் குழாயே அடைஞ்சுபோச்சு, அதுவும் ஊரே படுத்துக் கிடந்த நேரத்துல.

உங்களுக்கு உள்ளூர் ஃபண்ட்னா இந்தச் சட்டம் பொருந்தாது, கொடுக்கறவங்க மனசு வெச்சா போதும். அடுத்த பட்ஜெட்ல வாடகையைத் தனியா காட்டாம, சென்டர் நடத்தற செலவுக்குள்ள உங்க ஆடிட்டரை வெச்சு நியாயமான பங்கைப் பிரிச்சுப் போடுங்க, செலவு பண்றதுக்கு முன்னாடியே மெயில்ல ஓகே வாங்கிடுங்க. போன்ல சொன்னாங்கன்னு நம்பி செலவு பண்ணிடாதீங்க, ஆடிட்ல நிக்காது.