ஆடிக் காற்றை மார்கழிக்குச் சேமிக்கலாமா? – கடிதம்

அக்கா, வணக்கம்.

நான் ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலை பராமரிப்பில் 6 வருஷமாக வேலை பார்க்கிறேன். டிப்ளமோ எலக்ட்ரிக்கல் படித்தவன். எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆனி, ஆடியில் இங்கே காற்று ஆளையே தள்ளும். சரியாக அந்த நேரம் பார்த்து, "மெஷினை நிறுத்துங்க, கிரிட் (மின்கட்டமைப்பு) எடுக்காது" என்று போன் வரும். இறக்கையைத் திருப்பி விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்போம். வருஷம் பூராவும் காத்திருந்தது அந்தக் காற்றுக்குத்தான்.

போன வாரம் ஒரு வீடியோவில், நானோ பேட்டரி வந்துவிட்டது, 5 நிமிஷத்தில் சார்ஜ் ஏறும், மாசக்கணக்கில் மின்சாரத்தைப் பிடித்து வைக்கும், இனி கிரிட்டில் பிரச்சினையே இருக்காது என்றார்கள். உண்மையா? ஆடிக் காற்றை மார்கழிக்கு வைத்துக்கொள்ள முடியுமா? நானோ என்றால் ரொம்பச் சின்னது என்று தெரியும். சின்னதாக இருந்தால் மின்சாரம் எப்படி அதிகமாகச் சேரும்? மின்சாரத்தைச் சேமிக்கவே முடியாது என்றுதான் எங்கள் வாத்தியார் சொல்லிக் கொடுத்தார்.

பெயர் போட வேண்டாம் அக்கா.

ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

'சும்மா உட்கார்ந்திருப்போம்' என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. காற்று இருக்கிறது, மெஷின் இருக்கிறது, ஆளும் இருக்கிறார், வாங்கிக்கொள்ளத்தான் வழியில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் வாத்தியார் சொன்னதில் பாதி சரி. மின்சாரத்தை மின்சாரமாகவே பெரிய அளவில் வைத்திருக்க முடியாது, வேறொன்றாக மாற்றித்தான் வைக்க வேண்டும். காடம்பாறை நீர்மின் நிலையத்தில் அதைத்தான் செய்கிறார்கள். மின்சாரம் மிச்சமாகும்போது கீழே மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுகிறார்கள், தேவைப்படும்போது இறக்கி ஓட்டுகிறார்கள், 4 இயந்திரங்கள், மொத்தம் 400 மெகாவாட். அங்கே மலையும் தண்ணீரும் செய்யும் வேலையைப் பேட்டரியில் வேதியியல் செய்கிறது.

அடுத்து, உங்கள் முக்கியமான கேள்வி: சின்னதாக இருந்தால் எப்படி அதிகமாகச் சேரும்? பல பொருள்களில் அதிகமாகவெல்லாம் சேராது தம்பி. வேகமாகச் சேரும், அப்புறம் முழுசாகச் சேரும். கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறப் போட வேண்டும், ரவையில் தண்ணீர் ஊற்றினால் கொஞ்ச நேரம் போதும். தண்ணீர் இரண்டுக்குள்ளும் போகிற விதம் ஒன்றுதான், நடுவரை போய்ச் சேர வேண்டிய தூரம்தான் வேறு. இதில் ஒரு கணக்கு இருக்கிறது: தூரம் பாதியானால் நேரம் பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. லித்தியம் பேட்டரியின் முனைகள் பொடித் துகள்களால் ஆனவை, அந்தத் துகள்களுக்குள் லித்தியம் போய்வருவதுதான் சார்ஜ் ஏறுவதும் இறங்குவதும். 10 மைக்ரான் துகளை 100 நானோமீட்டர் துகளாக்கினால் (1 மைக்ரான் என்பது 1,000 நானோமீட்டர்) தூரம் 100-ல் ஒன்று, லித்தியம் உள்ளே போக எடுக்கும் நேரம் 10,000-ல் ஒன்று.

இதை ஒரு பேட்டரியின் கதையாகச் சொன்னால்தான் விளங்கும். வீடியோவில் சொன்னதை விட இந்தக் கதை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1980-களின் கடைசியில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேட்டரி ஆராய்ச்சியாளர் ஜான் குடினஃபோடு வேலை பார்த்தவர் ஆறுமுகம் மந்திரம், நம் தென் தமிழ்நாட்டுக் கிராமத்துக்காரர், மெட்ராஸ் ஐஐடியில் பிஎச்டி முடித்தவர். பேட்டரியின் நேர்முனையில் வெறும் இரும்பு ஆக்சைடை வைத்தால் வோல்டேஜ் போதாது. ஆக்சைடுக்குப் பதில் சல்பேட் மாதிரியான தொகுதியோடு இரும்பைச் சேர்த்தால் வோல்டேஜ் நன்றாக ஏறுகிறது என்று இவர்கள் இருவரும் காட்டினார்கள். அந்த வழியிலேயே போய் 1997-ல் குடினஃபும் அவருடைய குழுவில் இருந்த அக்‌ஷய பாதியும் நஞ்சுண்டசாமியும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டைக் கொண்டுவந்தார்கள். எல்எஃப்பி என்று இப்போது ஆட்டோ ஓட்டுகிறவர்கள்கூடச் சொல்கிறார்களே, அதுதான். 2019-ல் குடினஃபுக்கு 97 வயதில் நோபல் பரிசு கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவருக்காக மேடையேறி நோபல் உரையை ஆற்றியவர் மந்திரம். அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மனது நிறைந்துபோனது.

இரும்பு எங்கும் கிடைக்கும், பாஸ்பேட் உரக்கடை வரைக்கும் வருகிற பொருள், கோபால்ட்டும் நிக்கலும் வேண்டாம். சூடானாலும் சுலபத்தில் ஆக்சிஜனை விடாது, அதனால் தீப்பிடிக்கும் ஆபத்தும் குறைவு. இவ்வளவு நல்ல குணம் இருந்தும் முதலில் அது கிட்டத்தட்ட உதவாத பொருளாகத்தான் இருந்தது. மின்சாரம் அதற்குள் ஓடவே மாட்டேன் என்றது. மெதுவாக சார்ஜ் செய்தபோதே அதிலிருந்த லித்தியத்தில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் வெளியே வந்து போனது.

காரணம் அதன் உள்ளமைப்பு. அந்தப் படிகத்துக்குள் லித்தியம் போய்வர ஒரே திசையில்தான் பாதை, அதுவும் ஒற்றையடிப் பாதை. லித்தியம் இருக்க வேண்டிய இடத்தில் தவறி ஓர் இரும்பு அணு உட்கார்ந்துவிட்டால் அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற லித்தியம் எல்லாம் மாட்டிக்கொள்ளும். துகள் பெரிதாக இருந்தால் பாதை நீளம், இப்படி அடைபட வாய்ப்பும் அதிகம். துகளை நானோ அளவுக்குக் குறைத்தால் பாதை குட்டையாகிறது, பெரும்பாலான பாதைகளில் அடைப்பே இருக்காது. 'முழுசாகச் சேரும்' என்று நான் சொன்னது இதைத்தான். ஆனால் இதனால் பாதிப் பிரச்சினைதான் தீர்ந்தது, எலக்ட்ரான் ஓடவும் வழி வேண்டுமே. மான்ட்ரியாலில் மிஷெல் அர்மான் குழு அந்தத் துகள்களுக்குச் சில நானோமீட்டர் கனத்தில் கரிப் படலம் போர்த்தியது. கரி மின்சாரத்தைக் கடத்தும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகாமலும் பார்த்துக்கொள்ளும். உதவாது என்று ஒதுங்கியிருக்க வேண்டிய பொருள் இந்த இரண்டு வேலையில் எழுந்து நின்றுவிட்டது.

எம்ஐடி பேராசிரியர் யெட்-மிங் சியாங் 2001-ல் கூட்டாளிகளோடு தொடங்கிய ஏ123 என்ற நிறுவனம் இந்த நானோ பாஸ்பேட்டை கிரிட்டுக்கே கொண்டுபோனது. 2009-லேயே சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் ஒரு துணைமின் நிலையத்தில் அவர்களுடைய 12 மெகாவாட் பேட்டரி இருந்தது. சுரங்கங்களுக்கு மின்சாரம் போகிற கிரிட் அது, ஏதாவது ஜெனரேட்டர் விழுந்தால் உடனே கைகொடுக்க ஆள் வேண்டும், அந்த இடத்தைப் பேட்டரி பிடித்துக்கொண்டது. 2011-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் லாரல் மவுண்டன் காற்றாலைக்கு 32 மெகாவாட். அடுத்த வருஷமே அந்த நிறுவனம் திவாலாகி, கடைசியில் ஒரு சீன நிறுவனத்தின் கைக்குப் போனது. பொருள் மட்டும் நிற்கவில்லை. சீனத் தொழிற்சாலைகள் அதைத் தொடர்ந்து மலிவாக்கிக்கொண்டே வந்தன, இன்றைக்கு உலகத்தில் புதிதாக நிறுவப்படும் கிரிட் பேட்டரிகளில் பெரும்பகுதி எல்எஃப்பிதான்.

ஆகவே நானோ 'வந்துவிட்டது' என்பதில் தவறில்லை, அது வந்து பல வருஷமாகிறது. நீங்களே டவர் ஏறும்போது அதற்குப் பக்கத்தில் நின்றிருக்கக்கூடும். பல டர்பைன்களில், கிரிட் போய்விட்டாலும் இறக்கையைத் திருப்பி நிறுத்துவதற்காக இறக்கைகள் சேரும் ஹப்பில் சூப்பர் கெப்பாசிட்டர் (சட்டென்று மின்சாரத்தை வாங்கித் தரும் சேமிப்பான்) வைத்திருக்கிறார்கள். அதில் இருப்பது நானோமீட்டர் அளவு துளைகள் கொண்ட கரி, ஒரு கிராமை விரித்தால் 1,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு. சில வினாடிகள்தான் தாங்கும், அந்த வேலைக்கு அது போதும்.

இப்போது வீடியோவில் சொல்லாமல் விட்ட விஷயம். துகள் சின்னதானால் மேற்பரப்பு கூடும். 100 மடங்கு சின்னதானால் அதே எடைக்கு 100 மடங்கு பரப்பு, அவ்வளவு பரப்பிலும் எலக்ட்ரோலைட்டோடு (பேட்டரிக்குள் லித்தியம் நீந்திப் போகும் திரவம்) வேண்டாத வினைகள் நடக்கும், ஆயுள் குறையும். பொடி நெருக்கமாக அடையாது, அதனால் அதே இடத்தில் கொள்ளும் மின்சாரமும் குறையும். இதற்குத்தான் தொழிற்சாலைகளில் குட்டித் துகள்களைச் சேர்த்துப் பொரி உருண்டை மாதிரி மைக்ரான் அளவு உருண்டைகளாகப் பிடிக்கும் முறையும் வந்தது. உருண்டை பெரிது, உள்ளே பொரி சின்னது, நடுவே எலக்ட்ரோலைட் நுழைய இடம்.

சிலிக்கானும் இப்படித்தான். வழக்கமாக எதிர்முனையில் வைக்கும் கிராஃபைட்டைப் போல ஏறக்குறைய 10 மடங்கு லித்தியத்தை அது எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொண்டு மூன்று நான்கு மடங்கு ஊதி வெடித்துப்போகும். 2008-ல் ஸ்டான்ஃபோர்டில் யி சுய் குழு சிலிக்கானை நானோ கம்பிகளாக வளர்த்தபோது அது உடையாமல் ஊதிச் சுருங்கியது. அருமையான வேலை அது. ஆனால் கிரிட் பேட்டரிக்கு எடை குறைவது பெரிய விஷயமே இல்லை, அது தரையில்தானே உட்கார்ந்திருக்கப் போகிறது. நமக்கு வேண்டியது மலிவும் ஆயுளும். ஆகவே 'நானோ பேட்டரி' என்று அடுத்த வீடியோ வந்தால், ஒரு யூனிட் சேமிக்க என்ன செலவு, எத்தனை ஆயிரம் தடவை சார்ஜ் தாங்கும் என்று தேடிப் பாருங்கள். 5 நிமிஷ சார்ஜ் காருக்குத்தான் பெருமை.

கிரிட்டுக்கு நேரத்தைப் பொறுத்துத் தேவை மாறும். கிரிட்டின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் சரியும்போது முதல் வினாடிகளில் யார் கைகொடுப்பது என்பது ஒன்று. 2017 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் லோய் யாங் நிலக்கரி மின்நிலையத்தில் 560 மெகாவாட் யூனிட் ஒன்று ட்ரிப் ஆனபோது, வெகுதொலைவில் இருந்த ஹார்ன்ஸ்டேல் பேட்டரி கண்ணிமைக்கும் நேரத்தில் 7 மெகாவாட் உள்ளே தள்ளியது (அது எல்எஃப்பி இல்லை, வேறு வகை லித்தியம்). அளவு சிறியதுதான், அந்த வேகம் நிலக்கரிக்கு வராது. இன்னொன்று, ராத்திரிக் காற்றை மறுநாள் சாயங்காலத்துக்கு நகர்த்துவது. இதற்கும் பேட்டரி இன்று தாராளமாகப் போதும், வேண்டியது முதலீடும் முடிவும்.

ஆனால் ஆடியிலிருந்து மார்கழிக்கு? இல்லை தம்பி. மின்சாரம் அதற்குள் தானாகவே காணாமல்போய்விடும் என்பதற்காகச் சொல்லவில்லை, நல்ல லித்தியம் பேட்டரி சில மாதம் சார்ஜைப் பிடித்து வைக்கும். தினம் ஒரு தடவை ஓடுகிற பேட்டரி 10 வருஷத்தில் 3,650 தடவை உழைக்கும், போட்ட பணம் அத்தனை தடவையில் பிரிந்துபோகும். வருஷத்துக்கு ஒரு தடவை ஓடினால் 10 தடவைதான். துகளை எவ்வளவு சின்னதாக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. பருவம் முழுக்க மிச்சமாகிற காற்றை, அந்த நேரத்தில் தேவை இருக்கிற ஊருக்கு அனுப்புவதுதான் மலிவு. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு வந்திருக்கும் 800 கிலோவோல்ட் டிசி லைனை, தெற்கே காற்று மிஞ்சும்போது வடக்கே அனுப்பவும் முடிகிற மாதிரிதான் கட்டியிருக்கிறார்கள்.

லைன்களிலும் நானோ உண்டு. டிசி கேபிள் இன்சுலேஷனில் கொஞ்சம் நானோ துகள் கலந்தால், உள்ளே மின்னூட்டம் ஓரிடத்தில் தேங்கி இன்சுலேஷனைக் கெடுப்பது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தாமிரத்துக்குப் பதில் கார்பன் நானோகுழாய்க் கம்பி என்பது மட்டும் இன்னும் ஆய்வகத்தை விட்டு வெளியே வரவில்லை, அதை நம்பி யாரும் டவர் நட வேண்டாம்.

அப்புறம், உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். இந்த சீசனில் நிறுத்தச் சொல்லிப் போன் வரும்போதெல்லாம் மணியைக் குறித்து வையுங்கள், திரும்ப ஓட்டச் சொல்லும்போதும் குறித்து வையுங்கள். ஒவ்வொரு நிறுத்தமும் 2 மணி நேரமா, 6 மணி நேரமா, 3 நாளா என்று தெரிந்தால் உங்கள் இடத்துக்குப் பேட்டரி பொருந்துமா, லைன்தான் வேண்டுமா என்று சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆவணி முடிந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா