மழையில் நிற்கும் மரம்: தச்சரிடம் கேள்வி பதில்

கேள்வி: மாடித் தோட்டத்தில் போட ஒரு பெஞ்சு. இருபது வயதுத் தோப்புத் தேக்கு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா ஐயா?

மரத்தைக் குறுக்கே அறுத்த வெட்டுமுகத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நடுவில் பொன்பழுப்பாக இருப்பது வைரம். அதைச் சுற்றி வெளிறியிருப்பது வெள்ளை. பூஞ்சையையும் கரையானையும் தடுக்கும் பொருள்கள் வைரத்தில்தான் இருக்கின்றன. இளமரத்தில் வெள்ளை மிகுதி. மழையில் அது மாம்பலகையைப் போல உளுத்துவிடும். கேரளத்தின் நிலம்பூரில் 1840களில் நட்ட தேக்குகள் இன்றும் நிற்கின்றன. அந்த மரங்களின் புகழை இருபது வயதுத் தேக்குக்குக் கொடுக்க முடியாது. வெள்ளையை நீக்கி அறுத்துத் தருவார்கள் என்றால் வாங்குங்கள். இல்லையென்றால், பழைய வீடு இடித்த சாமான் கடையில் உத்தரக் கட்டை தேடுங்கள்.

கேள்வி: வேம்பைக் கரையான் தொடாதாமே?

வைரத்தை எளிதில் தொடாது. வெள்ளையை அரித்துவிடும்.

கேள்வி: பந்தல் காலைச் சிமெண்டில் புதைத்துவிட்டால் போதும்தானே?

வேண்டவே வேண்டாம். மண்ணின் ஆழத்தில் காற்று குறைவு. மேலே மரம் காய்ந்துவிடும். ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் தரைமட்டத்தில்தான் கால் இற்றுப்போகும். சிமெண்டு அந்த இடத்தில் கிண்ணம்போல நீரைத் தேக்கிக் கொடுக்கிறது. தரைக்கு இரண்டு அங்குலம் மேலே, இரும்புத் தாங்கியில் காலை நிறுத்துங்கள்.

மறுப்பு: எங்கள் தாத்தா புதைத்த ஆச்சா மரக் கால் நாற்பது ஆண்டாக நிற்கிறது. தாங்கி எதற்கு?

ஆச்சா வைரம் இரும்புக்கு நிகர். உங்கள் ஊர் மழையும் குறைவாக இருக்கும். அந்தக் காலை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கேட்டவர் கையில் இருப்பது ஆச்சா அல்லவே!

மறுப்பு: அடிப்பாகத்தில் தார் பூசினால்?

வெட்டுமுகம் வழியாக ஏறும் நீரைக் குறைக்கும். ஆனால் ஈர மரத்தில் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். வெள்ளையைத் தாரும் வைரமாக்காது. இந்த வாதத்தை இத்துடன் விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: ரப்பர் மரத்துக்கு நன்றாகப் பெயிண்ட் அடித்து வெளியே போடலாமா?

கூடாது. பெயிண்ட் வெடித்த இடத்தில் நீர் புகும்.

கேள்வி: தோப்புத் தேக்கில் வாசல் கேட்...

முதல் பதிலைப் படியுங்கள். வெட்டுமுகம், வெட்டுமுகம்!

கேள்வி: பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டையால் கீரைப் பாத்திக்கு விளிம்பு கட்டலாமா?

மரம் இற்றுப்போகாமல் காக்கும் கிரியோசோட் எண்ணெய் ஏற்றிய கட்டையாக இருக்கலாம், அந்த எண்ணெய் நஞ்சு. உண்ணும் செடி அருகே வைக்காதீர்கள். செங்கல் போதும்.