கேவொர்க்கர் வைரஸா? த்ரெட் பூல் கேள்விகள்

கேள்வி: லினக்ஸில் ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் 'டாப்' கமாண்ட் போட்டால் கேவொர்க்கர் என்ற பெயரில் நிறைய வரிகள் வருகின்றன. வைரஸா?

பதில்: இல்லை. பொதுவாக இவை கர்னலின் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) சொந்த த்ரெட்கள்தான்; த்ரெட் என்றால் சிபியுவில் தனியாக ஓடக்கூடிய ஒரு வேலையோட்டம். டிரைவர்களும் ஃபைல் சிஸ்டமும் "இதை அப்புறம் பார்த்துக்கொள்" என்று தள்ளிவிடும் வேலைகளை இவை முடிக்கின்றன. முன்பு பல ஒர்க்க்யூக்கள் (இப்படித் தள்ளிவிட்ட வேலைகளின் வரிசைகள்) கோருக்கு ஒன்றாகத் தனித்தனி த்ரெட் வைத்திருந்தன. பெரும்பாலும் சும்மாவே கிடந்தன. 2010-ல் 2.6.36 பதிப்பில் தேஜுன் ஹியோவின் மாற்றம் வந்தபிறகு எல்லாம் பொது பூலுக்கு, அதாவது வேலைக்குத் தயாராக நிற்கும் த்ரெட்களின் கூட்டத்துக்கு, மாறின. இப்போது ஒவ்வொரு சிபியுவுக்கும் சாதாரண பூல் ஒன்று, அவசர பூல் ஒன்று. பெயரில் சாய்கோட்டுக்கு அடுத்து வரும் எண் சிபியுவைக் காட்டும். 'யூ' இருந்தால் அந்த த்ரெட் ஒரே சிபியுவுடன் கட்டப்பட்டதல்ல. கடைசியில் 'ஹெச்' இருந்தால் அவசரம்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. ஒரு கேவொர்க்கர் டிஸ்க்குக்காகத் தூங்கப் போனால், எந்த த்ரெட் எப்போது ஓடும் என்று முடிவுசெய்யும் ஷெட்யூலர் அதைப் பூலுக்குச் சொல்லிவிடும். வேலை பாக்கியிருந்தால் பூல் உடனே இன்னொன்றை எழுப்பும். வேலையில்லாமல் மிஞ்சுபவை 5 நிமிடம் போல இருந்துவிட்டுக் கலைக்கப்படும். யாரும் எண்ணிக்கை நிர்ணயிக்க வேண்டியதில்லை.

ஒரே கேவொர்க்கர் 100% சிபியு தின்றால் மட்டும் கவனியுங்கள். ரூட்டாக நுழைந்து, 'ப்ராக்' அடியில் அதன் பிஐடி (ப்ராசஸ் எண்) ஃபோல்டரிலுள்ள 'ஸ்டாக்' ஃபைலை நாலைந்து முறை படியுங்கள். திரும்பத் திரும்ப வரும் ஃபங்ஷன் பெயரே பெரும்பாலும் டிரைவரைக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: 8 கோர் சர்வர். என் அப்ளிகேஷன் பூலில் எத்தனை த்ரெட் வைக்கலாம்?

பதில்: வெறும் கணக்கு வேலை என்றால் 8 போதும். ஒரு வேலைக்கு 10 மில்லிசெகண்ட் கணக்கு, 90 மில்லிசெகண்ட் காத்திருப்பு என்றால், மொத்த 100-ல் பத்தில் ஒரு பங்குதான் கணக்கு; அதனால் 8-ஐ 10-ஆல் பெருக்கி 80 வரை போகலாம். ஆனால் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் 20தான் என்றால், மீதி 60 த்ரெட் அந்த வாசலில்தான் நிற்கும்.

நாம் எழுதும் சாதாரண பூலுக்கு யார் தூங்குகிறார்கள் என்று தெரியாது. அதனால்தான் இந்தக் கணக்கெல்லாம். விண்டோஸில் முடிந்த ஐஓ வேலைகளை த்ரெட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் க்யூவான ஐஓ கம்ப்ளீஷன் போர்ட்டில் ஓடும் த்ரெட்களைக் கர்னலே எண்ணுகிறது. ஒன்று பிளாக் ஆனால், க்யூவில் வேலை இருக்கும்பட்சத்தில் அடுத்ததை விடுகிறது.

கேள்வி: நோட் ஜேஎஸ்ஸில் பலர் ஒன்றாக லாகின் செய்தால் ஃபைல் படிப்பதும் இழுக்கிறது. 16 கோரில் பாதிகூட ஓடவில்லையே?

பதில்: நோட் அடியில் பயன்படுத்தும் லைப்ரரியான லிப்யூவியின் த்ரெட் பூலுக்கு இயல்பான அளவு 4. பாஸ்வேர்ட் ஹாஷ், ஃபைல், டிஎன்எஸ் லுக்கப் எல்லாம் அந்த நாலுக்குத்தான் மோதுகின்றன. 'யூவி த்ரெட்பூல் சைஸ்' என்ற என்விரான்மென்ட் வேரியபிளை, ப்ராசஸ் தொடங்கும் முன்பே கூட்டுங்கள்.

கேள்வி: பூலில் ஓடும் வேலை, அதே பூலில் இன்னொரு வேலை போட்டுவிட்டு அதற்காகக் காத்திருக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். எல்லா த்ரெட்டும் அப்படிக் காத்திருந்தால் க்யூவில் இருப்பதை எடுக்க ஆளே இல்லை. எர்ரரும் வராது, சிபியுவும் பூஜ்யம். ஜாவாவில் ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும் 'ஜேஸ்டாக்' எடுத்துப் பாருங்கள்: அத்தனை ஒர்க்கரும் 'ஃப்யூச்சர் கெட்' (இன்னொரு வேலையின் விடைக்காகக் காத்திருப்பது) வரியில் நிற்கும்.