ஐப்பசியில் இமயமலைக்குத் தனியாக: வாசகர் கேள்விகள்

கேள்வி: அக்டோபர் கடைசியில் 10 நாள் விடுப்பு இருக்கிறது. உத்தராகண்டில் ஹர் கி தூன் பள்ளத்தாக்குக்குத் தனியாகப் போக ஆசை. இதுதான் முதல் ட்ரெக்கிங். நேரம் சரியா? எத்தனை நாள் நடக்க வேண்டும்?
– திருப்பூர் வாசகர்

பதில்: நேரம் நல்ல நேரம். இங்கே அடைமழை பிடிக்கும்போது அங்கே பருவமழை விலகி வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். ஆனால் பகல் சுருங்கிவிடும். மாதக் கடைசியில் மாலை 5.30-க்கே சூரியன் மறைந்துவிடும். பள்ளத்தாக்கில் அதற்கும் முன்பே வெயில் முகட்டுக்குப் பின்னால் போய்விடும், உடனே குளிர் இறங்கும். காலை 7-க்குக் கிளம்பி, 3 மணிக்குள் தங்குமிடம் சேருங்கள்.

டேராடூனிலிருந்து, இந்தப் பாதையின் அடிவார ஊரான சங்க்ரி சுமார் 200 கிலோமீட்டர். மலைப்பாதை என்பதால் பகல் முழுக்க அதிலேயே போய்விடும். பஸ், ஷேர் ஜீப் எல்லாம் அதிகாலையில்தான். வழியில் நைட்வாட் வனத்துறைச் சாவடியில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அடையாள அட்டை நகலை ரக்சாக்கின் மேல் பையில் வையுங்கள். கைடு கட்டாயமா என்பதையும் அங்கேயே கேளுங்கள், இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். சங்க்ரியிலிருந்து ‘தாலுகா’ என்ற ஊருக்கு 12 கிலோமீட்டர் ஜீப்.

அதற்குமேல் நடை. முதல் நாள் ஓஸ்லா பக்கம் (சுமார் 2,500 மீட்டர்). மறுநாள் பலரும் நேரே 3,566 மீட்டரிலுள்ள ஹர் கி தூனுக்கு ஏறிவிடுவார்கள். ஒரே நாளில் ஆயிரம் மீட்டர்! நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கல்கத்தியாதாரில் (சுமார் 3,000 மீட்டர்) ஓர் இரவு தங்குங்கள். அடுத்த நாள் காலை மேலே போய், ஸ்வர்கரோகிணி சிகரத்தைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, படுக்கக் கீழே வந்துவிடலாம். இறங்க ஒரு நாள், கையிருப்பாக ஒரு நாள். சங்க்ரியிலிருந்து சங்க்ரிக்கு 5 நாள் வைத்துக்கொண்டால் பதற்றம் இருக்காது.

முதல்முறை என்கிறீர்கள். சங்க்ரியில் ஒரு உள்ளூர் கைடைச் சேர்த்துக்கொள்வதே என் யோசனை. தனிப்பயணத்தின் கௌரவம் அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

கேள்வி: மைனஸ் 10 டிகிரி தாங்கும் என்று சொல்லி ஸ்லீப்பிங் பேக் விற்றார்கள். மைனஸ் 3-லேயே நடுங்கியதாக அதை வாங்கிய தோழி சொல்கிறாள். ஏமாற்றா?
– கோவை வாசகி

பதில்: ஏமாற்று என்று சொல்ல முடியாது. லேபிளைச் சரியாகப் படிக்காததுதான். அதில் மூன்று எண்கள் இருக்கும்: கம்ஃபர்ட் (நிம்மதியாகத் தூங்கலாம்), லிமிட் (சுருண்டு படுத்துச் சமாளிக்கலாம்), எக்ஸ்ட்ரீம். கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் கீழே இருக்கும் எண். எக்ஸ்ட்ரீம் என்றால் உயிர் தங்கும், தூக்கம் தங்காது. அக்டோபர் கடைசிக்கு கம்ஃபர்ட் மைனஸ் 5 என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

இன்னொன்று, குளிர் பாதி தரையிலிருந்துதான் வருகிறது. உடம்பின் எடையில் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடுவதால் அங்கே பேக் உதவாது. அடியில் விரிக்கும் பாயின் ஆர்-மதிப்பு (குளிரைத் தடுக்கும் திறன்) 4-க்குக் குறையக் கூடாது. படுக்கும் முன் உலர்ந்த சாக்ஸ், உலர்ந்த பனியன் மாற்றிக்கொள்ளுங்கள். பருத்தி வேண்டாம், வியர்வையைக் குடித்துக்கொண்டு காயவே காயாது. வெந்நீர் பாட்டிலை இறுக மூடி, சாக்ஸுக்குள் போட்டுக் காலடியில் வையுங்கள். தலையை உள்ளே இழுத்துப் போர்த்தாதீர்கள். மூச்சின் ஈரம் டவுன் எனும் பறவை இறகுப் பஞ்சில் ஏறி, இரண்டாம் இரவே பேக் சோர்ந்துவிடும்.

கேள்வி: சொந்தச் சமையல் முடியுமா? அரிசி, பருப்பு எடுத்துப்போகலாமா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: 3,500 மீட்டரில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி மேலே குழைந்து நடுவில் கல்லாக நிற்கும், பருப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குக்கரைச் சுமக்காமல் சாப்பிட வேண்டுமானால் ரவை, சேமியா, மெல்லிசு அவல், சத்துமாவு இவைதான் வழி.

உப்புமாவை வீட்டிலேயே முக்கால்வாசி முடித்துவிடலாம். ஒரு வேளைக்கு 100 கிராம் ரவை. நெய்யில் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை தாளித்து, கறிவேப்பிலை நொறுங்கும்வரை ஈரம் போக வறுத்து, அதிலேயே ரவையையும் வறுங்கள். உப்பு சேர்த்து, நன்றாக ஆறியபின் ஜிப் பையில் போடுங்கள். சூடாகப் போட்டால் உள்ளே வேர்த்துக் கெட்டுவிடும். மலையில் 300 மில்லி தண்ணீரைக் கொதிக்கவிட்டு, இதைக் கொட்டிக் கிளறி, அடுப்பை அணைத்து, பாத்திரத்தைக் கம்பளித் தொப்பிக்குள் பத்து நிமிடம் உட்காரவைத்தால் போதும்.

கேஸ் டப்பாவை ரயிலிலும் விமானத்திலும் கொண்டுபோகக் கூடாது. டேராடூனிலேயே வாங்குங்கள். வெறும் பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் சரியாக ஆவியாகாது, சுடர் சோம்பும். ஐசோபியூட்டேன்–புரொப்பேன் கலவையாகக் கேட்டு வாங்கி, இரவில் படுக்கைக்குள் வையுங்கள். லிட்டருக்கு 15–20 கிராம் கேஸ் செலவாகும். நாளுக்கு 2 லிட்டர் கொதிக்கவைத்தால் 230 கிராம் டப்பா 4 நாளுக்குத் தாராளம். கூடாரத்தை மூடிக்கொண்டு மட்டும் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது.

தண்ணீர் ஃபில்டரும் உங்களோடுதான் தூங்க வேண்டும். உள்ளிருக்கும் நுண்குழல்களில் தண்ணீர் உறைந்தால் அவை வெடித்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல் வரும், கிருமியோடு.

கேள்வி: தலைவலி வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறலாமா? டயமாக்ஸ் (உயர நோயைத் தடுக்கும் மாத்திரை) அவசியமா?
– மதுரை வாசகி

பதில்: தலைவலிக்கு மாத்திரை போடலாம், போட்டுக்கொண்டு ஏறத்தான் கூடாது. தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தலைசுற்றல் சேர்ந்தால் அங்கேயே நில்லுங்கள். குறையவில்லையா, இறங்குங்கள். 3,000 மீட்டருக்குமேல் படுக்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்குமேல் கூட்டாவிட்டால் பலருக்கு டயமாக்ஸே தேவைப்படாது. மருத்துவர் எழுதித் தந்தால் வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். டயமாக்ஸ் போட்டால் விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் வரும்.

கூட ஆள் இருந்தால் ‘ஏன் தள்ளாடுகிறாய்?’ என்று கேட்பார். தனியாகப் போகிறவருக்கு அது இல்லை. எனவே தினமும் சாயங்காலம் ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரல் நுனியில் ஒட்ட, நேர்கோட்டில் பத்து அடி நடந்து பாருங்கள். தடுமாறினால், அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், விடியும்வரைகூடக் காத்திருக்காமல் பக்கத்தில் இருப்பவரை எழுப்பித் துணையோடு இறங்குங்கள். இதற்காகத்தான், இரவில் ஆட்கள் தங்கும் இடமாகப் பார்த்துப் படுக்கச் சொல்கிறேன்.

கேள்வி: அமெரிக்காவிலுள்ள தம்பி சாட்டிலைட் மெசேஜ் கருவி தருகிறான். எடுத்துப்போகலாமா?
– சென்னை வாசகர்

பதில்: வேண்டாம். இந்தியாவில் அனுமதியின்றி அதை வைத்திருப்பதே குற்றம், விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் உண்டு. வீட்டில் ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போங்கள்: எந்த இரவு எங்கே, சங்க்ரி தங்குமிடத்தின் எண், எந்த நாள் எத்தனை மணிவரை போன் வராவிட்டால் 112-ஐ அழைக்க வேண்டும் என்பது. திரும்பும் நாளுக்கு ஒரு நாள் தள்ளியே அந்தக் கெடுவை வையுங்கள். வழியில் திட்டத்தை மாற்றினால் தாள் பயனில்லை, ஆகவே மாற்றாதீர்கள்.

கேள்வி: பாதையில் கோவேறு கழுதைகள், ஆட்டு மந்தை எதிரே வந்தால்?
– தேனி வாசகர்

பதில்: மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள். சுமை இடித்தால் தள்ளிவிடும். இலையுதிர்காலத்தில் மந்தைகள் மேய்ச்சல் முடித்து இறங்கும், காவலுக்குப் பெரிய நாய்கள் கூடவே வரும். மந்தைக்குள் புகுந்து நடக்காதீர்கள். இடையர் நாயைக் கூப்பிடும்வரை நின்றுகொண்டிருங்கள்.