தாராளவாதம் முதலாளிகளின் கொள்கையா?

கேள்வி: அரசியல் அறிவியல் படிக்கிறேன். செவ்வியல் தாராளவாதத்தைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தால், தொழிற்சங்கத்தில் பல ஆண்டுகள் இருந்த என் அப்பா, அது முதலாளிகளின் கொள்கை என்று முடித்துவிடுகிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
– கல்லூரி மாணவி, பெரம்பூர்

பதில்: அப்பாவின் கோபத்துக்குப் பாதிக் காரணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. தாராளம் என்றால் நமக்குக் கைநிறையக் கொடுப்பது. 1991-க்குப் பிறகு தாராளமயம் என்றால் தனியாருக்குக் கதவைத் திறந்துவிடுவது. செவ்வியல் தாராளவாதத்தின் முன்னோடியான ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக்கின் கவலை வேறு. உயிர், சுதந்திரம், உடைமை ஆகியவற்றைக் காப்பதற்காகவே மக்கள் அரசை ஏற்கிறார்கள் என்றும், அவற்றையே பறிக்கும் அரசுக்குக் கீழ்ப்படிய வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை என்றும் அவர் 17-ஆம் நூற்றாண்டிலேயே வாதிட்டார்.

அப்பாவிடம் நம் ஊர் வழக்கு ஒன்றைச் சொல்லுங்கள். பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார ஏடு சென்னை மாநிலத்துக்குள் நுழையக் கூடாது என்று மாநில அரசு தடை விதித்தது. பொது அமைதி என்ற பெயரில் பேச்சுரிமையை அப்படி முடக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1950 மே மாதம் அந்தத் தடையை நீக்கியது. அன்று பொதுவுடைமையாளர்களின் குரலுக்கு அரணாக நின்றது தாராளவாதத்தின் அடிப்படைக் கொள்கைதான். ஆனால் அடுத்த ஆண்டே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளில் பொது ஒழுங்கையும் சேர்த்தது.

அவர் ராஜாஜியைக் குறிப்பிட்டு மறுக்கக்கூடும். உரிமம், பர்மிட், கோட்டா என்று எல்லாவற்றுக்கும் அரசிடம் கைகட்டி நிற்கும் நிலையை எதிர்த்து 1959-இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கியவர், 1953-இல் முதலமைச்சராக இருந்தபோது பள்ளிப் பிள்ளைகள் அரை நாள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார்; ஒரு குழந்தை என்னவாக வேண்டும் என்பதில் அரசும் சாதியும் சேர்ந்து கைவைக்கும் அந்தத் திட்டம் தாராளவாதத்துக்கே முரணானது என்பது என் உறுதியான கருத்து. அரசைத் தவிர ஊரும் உறவும் மனிதரை ஒடுக்கும் என்பதை மற்றொரு தாராளவாதச் சிந்தனையாளரான ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இலேயே எழுதியிருந்தும், சொத்துரிமையை மட்டும் பேசியவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. அந்த அளவில் அப்பாவின் குற்றச்சாட்டு நியாயமானது.

ஆனாலும் சொத்துரிமையை அவர் விட்டுக்கொடுக்கக் கூடாது. கூவம் கரையில் பட்டா இல்லாமல் வாழ்ந்து, பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களை அவர் அறிந்திருப்பார். 1978-இல் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து சொத்துரிமை நீக்கப்பட்டதால் அதிகம் இழந்தவர்கள் யார் என்று அவரிடமே கேளுங்கள்.